சவுக்கின் இலை எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பேத்தியின் பயிற்சிப் புத்தகத்தில் 'ஊசியிலை'க்குச் சவுக்கு மரத்தின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளை எண்ணூர் கடற்கரைக்கு அழைத்துப் போய், உதிர்ந்து கிடந்த பச்சைக் குச்சி ஒன்றைக் கையில் கொடுத்தேன். சிறுவயதில் கணுவில் பிய்த்துத் திரும்பச் செருகி, 'எங்கே பிய்த்தேன், சொல்லு' என்று விளையாடுவோமே, அதேதான். அது இலையே இல்லை, மெல்லிய கிளை. கணுவைச் சுற்றி ஏழெட்டு பொடிப் பற்கள் இருக்கும், அவைதான் இலைகள். லென்ஸ் வைத்துக் காட்டியதும் அப்படியே எண்ண ஆரம்பித்துவிட்டாள். சரி, நிஜமான ஊசியிலை வேண்டுமென்றால் கொடைக்கானல் பைன் மரம் இருக்கிறதே! சவுக்கு பூக்கும் தாவரம், பைன் அப்படியல்ல. அடுத்த பதிப்பிலாவது படத்தை மாற்றுங்கள்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
திருவொற்றியூர், சென்னை