மறுபடியும் வெள்ளை பெல்ட்

அன்புள்ள தம்பிக்கு,

ஜிம்மில் ஒரு வருடத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டலாமா என்று போனில் கேட்டாய். நீ பேசுவதே இரண்டு மீட்டிங்குக்கு நடுவில்தான், அதில் நான் எதை விளக்கமாகச் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். ஜிம்முக்கு நான் எதிரி இல்லை. ஆனால் உனக்கு இருக்கிற குறை இரண்டு. ஒன்று முதுகு வலி. இன்னொன்று, பெங்களூரு போய் இத்தனை நாளாகியும் ஆபீசுக்கு வெளியே பேச ஒரு ஆள் இல்லை என்பது. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் மேல் தனியாக ஓடினால் இரண்டாவது குறை எப்படித் தீரும்? பக்கத்துத் தெருவில் சாயங்காலம் கராத்தே கிளாஸ் நடக்கிறது, சத்தம் வீடு வரைக்கும் கேட்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாமே. அதில் போய்ச் சேர்.

சிரிக்காதே. இருபத்தொன்பது வயதில் பொடிப்பையன்களோடு நிற்பதா என்று கேட்பாய். ஆமாம், நிற்க வேண்டியதுதான். பத்தாம் வகுப்பு வந்ததும் நம் ஊர்ப் பையன்கள் எல்லாருக்கும் நடப்பது உனக்கும் நடந்தது. டியூஷன் வந்தது, கராத்தே போனது. பச்சை பெல்ட் வரைக்கும் வந்தவன்தான் நீ. இப்போது போனால் பச்சையைக் கட்டிக்கொண்டு போகாதே, புதிதாகச் சேருகிறவர்கள் கட்டுகிற வெள்ளையே கட்டிக்கொள். கால் மறந்திருக்கும்.

அந்த வரிசையை நான் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே வயசுக்கு மரியாதை இல்லை, பெல்ட்டுக்குத்தான். பேங்க் ஆபீசர் ஒருத்தர் வெள்ளை பெல்ட்டோடு கடைசியில் நிற்பார். ஏழாவது படிக்கிற ஒரு அம்மிணி கருப்புக்கு முந்தின பிரவுன் பெல்ட்டோடு முன்னால் நிற்கும். மாஸ்டர் சொன்னதும் அது வந்து, "அங்கிள், முட்டியை உள்ளே விடாதீங்க" என்று அவர் காலைத் தட்டித் திருத்தும். அவரும் குனிந்து வணக்கம் சொல்லித் திருத்திக்கொள்வார். நீ டீம் லீட் ஆகிவிட்டாய். உன்னைத் திருத்த இப்போது யாரும் வருவதில்லை, வந்தாலும் அப்ரைசலில்தான் வருகிறார்கள். ஒரு சின்னப் பிள்ளையிடம் திருத்தம் வாங்கிக்கொள்கிற இடம் ஒன்று உனக்கு வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், இதை ஏதோ சண்டை வித்தை என்று நினைத்து ஒதுங்காதே. இன்றைக்கு நம் பிள்ளைகள் பழகுகிற கராத்தேயை வளர்த்தவர்களில் பலர் பள்ளிக்கூடத்தோடு சம்பந்தப்பட்டவர்கள். ஜப்பானின் ஒகினாவா தீவில் இத்தோசு அங்கோ என்ற பெரியவர் 1900களின் தொடக்கத்தில் அதைப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சியாகக் கொண்டுவந்தார். நீ வீட்டு மொட்டை மாடியில் தனியாக வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தாயே, ஹெயான் கட்டாக்கள் என்கிற அந்த அடவு வரிசைகள் ஐந்தும் அவர் மாணவர்களுக்காக அமைத்தவைதான். அவரிடம் பழகிய ஃபுனாகோஷி கிச்சின் சின்ன வயதில் நோஞ்சான், பெரியவனாகிப் பள்ளி வாத்தியார் ஆனார். 1922இல் டோக்கியோவுக்குப் போய் கராத்தேயைச் செய்து காட்டி, அங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உனக்கு இருபத்தொன்பதில் வெட்கமாக இருக்கிறதாம்!

முதுகுக்கு வருகிறேன். நாள் முழுக்க நாற்காலியில் மடங்கியே இருப்பதால் உன் இடுப்பின் முன்பக்கத் தசை இறுகிக் கிடக்கிறது என்று அந்த பிசியோதெரபி டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். முன்காலை மடித்து, பின்காலை நீட்டி, இடுப்பை நேராக வைத்து நிற்கிற ஜென்குட்சு நிலையை நினைத்துப் பார். நாற்காலி எதை மடக்கியதோ அதைத்தான் அது நீட்டுகிறது. தொடைக்கும் நல்ல வேலை. கிக் பழகும்போது ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், நிற்கிற வலுவை வயிறும் முதுகும் சேர்ந்துதான் கொடுக்கும். பஞ்ச் என்றால் கை வேலை என்று நினைப்பார்கள். அது இடுப்பிலிருந்து கிளம்புகிறது, கை கடைசியில்தான் போய்ச் சேருகிறது. லேத்தில் இரும்பைப் பிடித்துக்கொள்கிற சக் இறுக்கமாக இல்லாவிட்டால் டூல் எவ்வளவு நல்லதாக இருந்தும் வேலை கோணிப் போகும் அல்லவா, அந்த மாதிரி. ஒன்று மட்டும் கவனம்: சுற்றி உதைக்கிறபோது ஊன்றிய கால் பாதம் கூடவே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் முட்டி வாங்கிக் கட்டிக்கொள்ளும். சேருவதற்கு முன்னால் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. முதல் மாதம் யாரோடும் போட்டி போடாதே.

எனக்குக் கராத்தேயில் ரொம்பப் பிடித்தது ஜோடியாகச் செய்கிற பயிற்சி. கோஹோன் குமிதே என்று ஐந்து அடி முன்னேறிச் செய்வார்களே, அது. அடிக்கப் போகிறவன் "ஜோடான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் முகத்துக்குப் பஞ்ச் விடுவான். எங்கே வருகிறது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் நேரத்துக்குத் தடுக்க வேண்டும். அவனும் உன் மூக்குக்கு முன்னால் நிறுத்த வேண்டும். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒருவர் முகத்தை இன்னொருவரிடம் நம்பிக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு மாதம் பழகியவனோடு கிளாஸ் முடிந்து டீ குடிக்கப் போவது ரொம்பச் சுலபம். (சொல்லிவிட்டு அடிப்பவர்கள் ஆபீசில் கிடைப்பார்களா?)

பாஷை தெரியவில்லை என்கிற கவலையும் அங்கே வேண்டாம். இச்சி, நி, சான், ஷி என்றுதான் எண்ணுவார்கள். கன்னடக்காரருக்கும் அது வேற்றுப் பாஷை, உனக்கும் அப்படித்தான். எண்ணி முடித்து வியர்வையைத் துடைக்கிறபோது கன்னடம் தானாகக் கொஞ்சம் வந்து சேரும்.

கத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடியின் முடிவில் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போடச் சொல்வார்களே, கியாய். உனக்குச் சின்ன வயதில் அது வரவே வராது, ஈனஸ்வரத்தில் ஏதோ சொல்வாய். மாஸ்டர் உன்னை மைதானத்தின் அந்தக் கோடியில் நிறுத்தி, இந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்த வைத்தார். அதற்குப் பிறகுதான் கடையில் பாக்கிச் சில்லறையை நீயே கேட்டு வாங்க ஆரம்பித்தாய் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மை.

தற்காப்பு என்ற பேச்சில் மட்டும் மயங்காதே. கராத்தே தெரிந்தவன் பத்துப் பேரை அடிப்பது சினிமாவில்தான். கத்தியோடு ஒருத்தன் வந்தால் பர்ஸைக் கொடுத்துவிட்டு ஓடு. பழகினால் எட்டு வைக்கிற தூரம் தெரியும், பதற்றம் குறையும், கையை ஓங்குவதற்கு முன்னால் நிதானம் வரும். கராத்தேயில் முதல் அடி கிடையாது என்று ஃபுனாகோஷி விதியாகவே எழுதி வைத்தார். பைக் உரசினதற்கெல்லாம் நடுரோட்டில் இறங்கிச் சண்டைக்கு நிற்கிற ஊரில் இந்த ஒரு விதி போதும்.

சேருவதற்கு முன்னால் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கக் கேள். பார்க்க விடாத இடம் வேண்டாம். எந்தப் பிரிவு என்று விசாரி. கியோகுஷின் என்றால் நிஜமாகவே உடம்பில் அடி விழும், திங்கட்கிழமை ஆபீசுக்கு நொண்டிக்கொண்டு போவாய். ஷோட்டோகான், ஷிட்டோ ரியூ, கோஜு ரியூ, வாடோ ரியூ எதுவானாலும் சரி. மாஸ்டர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, கடைசி வரிசைக்கு வந்து கால் திருத்துகிறாரா என்று கவனி. நம் பக்கத்தில் ஒரு கிளாஸ் இருந்தது, பையன் வந்தானோ இல்லையோ பெல்ட் டெஸ்ட் ஃபீஸ் மட்டும் தவறாது. ஒரே வருடத்தில் கருப்பு பெல்ட் என்று போர்டு வைத்திருந்தால் அந்தப் பக்கமே திரும்பாதே. ஒழுங்காகப் பழகினால் நாலைந்து வருடம் ஆகும். ஆண்டு விழாவில் ஓடு உடைப்பது, வயிற்றின் மேல் பைக் ஏற்றுவது எல்லாம் வேடிக்கைக்கு. உன்னைக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடு. கராத்தேயை டோக்கியோ ஒலிம்பிக்ஸில் சேர்த்துவிட்டு பாரிஸில் எடுத்துவிட்டார்கள் என்று யாராவது குறைப்படுவார்கள். அதனால் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

உன் பழைய யூனிஃபார்மைத் தேட வேண்டாம், அம்மா அதைக் கரித்துணி ஆக்கிப் பல வருடம் ஆகிறது. புதிது வாங்கப் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டால் கோபப்படுவாய், அதனால் கேட்கவில்லை. ஒரு சைஸ் பெரிதாக வாங்கு, துவைத்தால் சுருங்கும். சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு மாஸ்டர் எப்படி, எந்தப் பிரிவு, மாதம் எவ்வளவு என்று சொல்.

அன்புடன்,
அப்பா