மூடியைத் திறக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்லோ குக்கர் வாங்கியாச்சு, மாவுச்சத்து குறைவாக வரும்படி நாலு குழம்பு எழுதி அனுப்பும்மா என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் ஒன்று. நீ இன்சுலினோ க்ளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ எடுப்பதாக இருந்தால், டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்காதே. மருந்து பழைய அளவிலேயே இருந்து சாப்பாட்டில் மாவுச்சத்து மட்டும் குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

குக்கர் என்ற பெயரைப் பார்த்து இதை நம் பிரஷர் குக்கரோடு சேர்த்துவிடாதே. பிரஷர் குக்கர் 120 டிகிரி வரை போகும். ஸ்லோ குக்கர் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பானை. அதை லோவில் (குறைந்த சூடு) வைத்தாலும் ஹையில் (அதிகச் சூடு) வைத்தாலும் கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் வேறு. அந்தச் சூட்டில் எதுவும் வதங்காது, பொரியாது. வெங்காயத்தையும் மிளகாய்த்தூளையும் பச்சையாகப் போட்டால் எட்டு மணி நேரம் கழித்தும் பச்சை வாசனை அப்படியே இருக்கும். வாணலியில் வதக்கும் பதினைந்து நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதே. ருசி முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஆட்டுக்கறிக் குழம்பிலிருந்து தொடங்கு. காலையில் போய் மாலையில் திரும்புகிறவனுக்கு இதைவிட ஏற்றது இல்லை. தோள், முன்னங்கால் பக்கத்து எலும்புக்கறியாக ஒன்றேகால் கிலோ வாங்கு. அந்தப் பகுதியில் சவ்வு அதிகம். மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கும்போது அந்தச் சவ்வே கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். கொழுப்பில்லாத தனிக்கறி போட்டால் நார்நாராக வறண்டு போகும்.

முதல் நாள் இரவே மசாலாவைத் தயார் செய்துவிடு. மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் ஒரு சிறு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு தேக்கரண்டி சோம்பு தாளித்து, 150 கிராம் சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கு. இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, பச்சை வாசனை போனதும் தக்காளி இரண்டு. தக்காளி குழைந்ததும் மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. எண்ணெய் பிரிந்தால் முடிந்தது. வீட்டில் போடும் பட்டை, கிராம்பில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மூடிய பானையில் அவ்வளவு நேரம் ஊறும்போது கிராம்பு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஆறியதும் மசாலாவைத் தனி டப்பாவில் ஃபிரிட்ஜில் வை. கறியை இரவே பாதி வதக்கி வைக்காதே. அரைவேக்காட்டுக் கறியில் கிருமி சீக்கிரம் பெருகும்.

காலையில் மசாலாவைக் கொதிக்கச் சூடாக்கி, அதில் கறியை ஐந்து நிமிடம் பிரட்டு. பானையின் அடியில் 300 கிராம் முள்ளங்கியைத் தடித்த வில்லையாகப் பரப்பி, மேலே கறியைக் கொட்டு. இதில் கறியைவிடக் கிழங்கு மெதுவாக வேகும், அதனால் அது அடியில் இருக்கவேண்டும். தண்ணீர் அரை டம்ளர் போதும், அதற்கு மேல் ஊற்றாதே. ஆவி மூடியில் பட்டுத் திரும்ப உள்ளேயே விழுகிறது; கறியும் தண்ணீர் விடும். வழக்கம்போல் மூன்று டம்ளர் ஊற்றினால் ரசம்தான் கிடைக்கும். லோவில் 8 மணி நேரம், பிறகு தானாக ‘வார்ம்’ (சூடு ஆறாமல் வைக்கும்) நிலைக்கு மாறும்படி வைத்துவிட்டுக் கிளம்பு.

வந்ததும் கால் மூடித் தேங்காயையும் எட்டு பாதாமையும் நைசாக அரைத்து ஊற்றி, ஹையில் அரை மணி வை. நுணுக்கிய மிளகு ஒரு தேக்கரண்டியும் எண்ணெயில் பொரித்த கறிவேப்பிலையும் அப்போதுதான். காலையிலேயே போட்டால் அவற்றின் மணம் மாலைக்குள் போய்விடும். உப்பையும் அப்போது பார்த்துக்கொள். இன்னும் நீர்த்திருந்தால் குழம்பை மட்டும் வாணலியில் ஊற்றிச் சுண்டவிடு. சோளமாவு கரைக்காதே, ஒரு மேசைக்கரண்டியிலேயே 7 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். ஆறு பேர் அளவான இந்தக் குழம்பில் ஒரு பங்குக்கு 10 கிராமுக்குள்தான் இருக்கும். ஒரு கப் சோற்றில் மட்டும் 45 கிராம். சோற்றுக்குப் பதில் காலிஃபிளவரைத் துருவி, வாணலியில் நாலு நிமிடம் பிரட்டிக்கொள். அதை ஸ்லோ குக்கரில் வைத்தால் கூழாகிவிடும்.

கோழியை வேலை நாளில் வைக்காதே. எலும்பில்லாத தொடைக்கறிக்கு லோவில் 4 முதல் 5 மணி நேரமே அதிகம். பத்து மணி நேரம் கிடந்தால் பஞ்சாகிவிடும், நெஞ்சுக்கறி இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை மிளகுக் கோழி வை: மேலே சொன்ன மசாலாவில் மிளகாய்த்தூளைப் பாதியாக்கி, தண்ணீரே இல்லாமல் வேகவிட்டு, இறக்கும்போது இரண்டு தேக்கரண்டி மிளகு. தேங்காய்ப்பாலோ தயிரோ சேர்ப்பதாக இருந்தால் கடைசிக் கால் மணியில்தான். முன்னாலேயே ஊற்றினால் திரிந்துவிடும். துண்டின் நடுவில் தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்டவேண்டும்.

ஆட்டுக்கால் சூப்புக்கு நாலு காலையும் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. பிறகு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பத்துப் பல் பூண்டு, சீரகம், மஞ்சள், உப்பு. லோவில் இரவு முழுக்க, 12 மணி நேரம். காய்க்குழம்பு என்றால் கத்தரிக்காய் நன்றாக வரும், ஆனால் புளியைக் காய் வெந்தபிறகு ஊற்று. புளிப்பில் காய் வேகாது. நெல்லிக்காய் அளவுக்கு மேல் புளி எடுத்தால் மாவுச்சத்தும் ஏறும். பருப்பு, ராஜ்மா இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. என்றைக்காவது ராஜ்மா வைக்க ஆசைப்பட்டால், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே இதில் போடு. அதில் உள்ள நச்சு ஸ்லோ குக்கர் சூட்டில் அழியாது, வாந்தி வரும்.

உறைந்த கறியை அப்படியே போடாதே, முதல் நாளே ஃபிரிட்ஜில் வைத்து இளக்கு. பானை பாதிக்குக் குறையாமலும் முக்காலைத் தொடாமலும் இருக்கட்டும். ஒரு தடவை மூடியைத் திறந்தால் அரை மணி நேரச் சூடு போகும், எட்டிப் பார்க்காதே. நீ இல்லாதபோது கரண்ட் போய் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியவில்லையானால், மனசு கேட்காவிட்டாலும் எல்லாவற்றையும் கொட்டிவிடு. மிச்சத்தைப் பானையோடு ஃபிரிட்ஜில் வைக்காமல், தட்டையான டப்பாக்களில் இரண்டு மணி நேரத்துக்குள் மாற்றிவிடு. மூன்று நாள் தாங்கும். மறுநாள் அடுப்பில் கொதிக்கவைத்துச் சாப்பிடு, ஸ்லோ குக்கரில் சூடு பண்ணாதே. சூடான பீங்கான் பானையில் பச்சைத் தண்ணீர் விட்டுக் கழுவாதே, விரிசல் விடும்.

முதல் குழம்பு எப்படி வந்தது, தண்ணீர் எவ்வளவு நின்றது என்று எழுது. உன் குக்கருக்குத் தகுந்தபடி அளவை மாற்றிச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா