ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு: மறுங்கள், ஆனால் காரணத்தை அச்சிடுங்கள்

மதிப்புக்குரிய அறிவியல் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

இனத்தையும் நுண்ணறிவையும் முடிச்சுப் போடும் கட்டுரை ஒன்று கைக்கு வரும்போது உங்களுக்கு ஏற்படும் சங்கடம் புரிகிறது. வெளியிட்டால் இனவெறிக்குத் துணை போனீர்கள் என்பார்கள். திருப்பி அனுப்பினால் உண்மையை அமுக்கிவிட்டீர்கள் என்பார்கள். 2022இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழ், ஒரு மக்கள் குழுவின் மாண்பைக் குலைக்கக்கூடிய கட்டுரைகளைத் திருத்தச் சொல்லவோ மறுக்கவோ ஆசிரியர்களுக்கு உரிமை உண்டு என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தீங்கு வரும் என்ற அச்சம் மட்டுமே ஒரு கட்டுரையை நிறுத்தக் காரணமாகிவிடக் கூடாது. தரவு தவறென்றால் நிறுத்துங்கள். அந்தத் தவறு என்னவென்று எல்லோரும் படிக்கும்படி அச்சிடுங்கள்.

அச்சம் வெறும் கற்பனை இல்லை என்பது எனக்கும் தெரியும். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் ஏறக்குறைய 17 லட்சம் பேருக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்தியது. அதில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? கிரிஸ்கோ அந்நாட்டுக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு. இத்தாலியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய ஒருவருக்கு அது எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் மதிப்பெண் போச்சு. அந்த மதிப்பெண்களை வைத்து 1923இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் பிரிகம் வடக்கு ஐரோப்பியர்களே மேலானவர்கள் என்று புத்தகம் போட்டார். மறு ஆண்டே தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் வருகையை வெட்டிக் குறைக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. அதில் புத்தகத்தின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. 1930இல் பிரிகமே தன் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று எழுதிக் கைவிட்டார். அந்தச் சட்டம் கொண்டுவந்த, எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்ற நாடுவாரி ஒதுக்கீடோ 1965 வரை நீடித்தது.

சரி, இப்படிப்பட்ட வாதங்களை ஆட்டங்காண வைத்தது எது? 1969இல் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜென்சன், அமெரிக்கக் கறுப்பின, வெள்ளையின மாணவர்களின் நுண்ணறிவுச் சோதனைச் சராசரிக்கு இடையே உள்ள சுமார் 15 புள்ளி இடைவெளிக்கு மரபணுவும் காரணமாக இருக்கலாம் என்று எழுதியதும் பல்கலைக்கழகங்கள் கொதித்தன. நியூசிலாந்தில் அரசியல் தத்துவம் கற்பித்த ஜேம்ஸ் ஃப்ளின் ஓர் இடதுசாரி; இனச் சமத்துவத்தில் ஊறியவர். அவர் ஜென்சனைத் திட்டிவிட்டு நகரவில்லை. உட்கார்ந்து அவருடைய எண்களைப் படித்தார். அந்தத் தேடலின் வழியில்தான், பழைய சோதனைகளைப் புதிய தலைமுறை எழுதினால் மதிப்பெண் ஏறுவதைக் கண்டார். 1984இல் அமெரிக்கத் தரவையும் 1987இல் 14 நாடுகளின் தரவையும் முன்வைத்தார். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி ஏற்றம். இரண்டு தலைமுறைக்குள் மரபணு அவ்வளவு மாறிவிடாது. சூழல் மாற்றம் மட்டுமே 15 புள்ளியை நகர்த்தும் என்றால், அதே அளவு இடைவெளியைப் பார்த்ததும் மரபணுவுக்குத் தாவ என்ன அவசியம்? நான் படித்த எந்தக் கண்டன அறிக்கையிலும் இவ்வளவு பலமான பதில் இல்லை. அதே ஃப்ளின் பேச்சுரிமை பற்றி எழுதிய நூலை 2019இல் ஒரு பதிப்பகம் சட்டச் சிக்கல் வரும் என்று பயந்து கைவிட்டது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

உங்கள் இதழ்களின் காவல் தளர்ந்த இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் லின்னும் பின்லாந்து அரசியல் அறிஞர் டாட்டு வன்ஹானெனும் 2002இல் நாடுவாரி ஐ.க்யூ. (நுண்ணறிவு மதிப்பெண்) பட்டியல் போட்டார்கள். ஆப்பிரிக்க நாடான எக்குவடோரியல் கினிக்கு 59. அந்த எண், ஸ்பெயினில் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான ஒரு விடுதியில் எடுத்த சோதனையிலிருந்து வந்தது! தரவே கிடைக்காத நாடுகளுக்கு அக்கம்பக்கத்து நாடுகளின் எண்ணை வைத்து நிரப்பினார்கள். இந்தப் பட்டியலை நம்பிய கட்டுரைகள், வெளியிடும் முன் சரிபார்க்கும் உங்கள் மதிப்பீட்டாளர்களைத் தாண்டித்தான் அச்சேறின. 2020இல் 'சைக்கலாஜிகல் சயன்ஸ்' இதழில் அப்படி வந்த ஒன்றை எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள். இதைத் தடுக்க அரசியல் பார்வை எதுவும் தேவைப்பட்டிருக்காது. எந்தப் பிள்ளைகள், எந்த மொழியில், எந்தச் சோதனை என்று மூன்று கேள்வி கேட்டிருந்தாலே போதும்.

இப்போது மரபணுத் தரவை வைத்து இதே வாதம் புது உடுப்பில் வருகிறது. பெரிய மரபணு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஒருவரின் மரபணுக்களைப் பார்த்து ஒரு பண்பை ஊகிக்க அவர்களை வைத்துக் கணக்கிட்ட மரபணு மதிப்பெண்ணை ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குப் பொருத்தினால் துல்லியம் வெகுவாகச் சரிகிறது. அதை வைத்து இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுவது செல்லாது. இது தெரிந்த ஒரு மக்கள்தொகை மரபியலாளரையாவது இத்தகைய ஒவ்வொரு கட்டுரைக்கும் மதிப்பீட்டாளராகப் போடுங்கள். மூலத் தரவை எதிர்த் தரப்புக்கும் திறந்து வைக்காத கட்டுரையை ஏற்காதீர்கள். ஏற்றால், மறுப்புக் கட்டுரைக்கும் அதே இதழில் அதே அளவு இடம் கொடுங்கள்.

அப்புறம், லின்னின் பட்டியலை நம்பி ஏற்கெனவே வந்த கட்டுரைகள். அவற்றைச் சத்தமில்லாமல் நீக்கிவிட வேண்டாம். எந்த நாட்டு எண் எங்கிருந்து வந்தது, அது ஏன் செல்லாது என்று வரிசையாக எழுதி, அந்தந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இணைத்து வையுங்கள்.