மழைக்குப் பின் பாதை மூடல் அவசியமே

ஆசிரியருக்கு,

கடலோரப் பூங்காக்களில் ஓட்டப் பயிற்சி குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தெற்குக் கலிஃபோர்னியாவின் கிரிஸ்டல் கோவ் மாநிலப் பூங்காவில் மழை பெய்ததும் மலைப்பாதைகளை மூடுவது ஓடுபவர்களுக்குத் தேவையற்ற இடையூறு என்ற கருத்தை ஏற்க இயலவில்லை. ஈர மண்ணில் பதியும் காலடித் தடங்கள் காய்ந்ததும் கல்லாக இறுகிவிடும். எல் மோரோ பள்ளத்தாக்கை ஒட்டிய ஒற்றையடிப் பாதை ஒன்றில், அந்தக் குழிகளைத் தவிர்க்கப் பலரும் ஓரமாக ஓடியதால் பாதை இருமடங்கு அகன்று, புதர்கள் மிதிபட்டுக் கிடந்ததை நேரில் கண்டேன். அவை வெறும் முட்புதர்கள் அல்ல. 1993-இல் அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பட்டியலில் அமெரிக்க அரசு சேர்த்த கலிஃபோர்னியா நாட்கேட்சர் என்னும் சிறு பறவை இத்தகைய கடலோரப் புதர்க்காட்டையே நம்பி வாழ்கிறது. ஓட இடமில்லை என்பதும் சரியல்ல; கடலோர மேட்டில் தளமிட்ட பாதை இருக்கிறது, நீர் வற்றும் வேளையில் சுமார் 5 கி.மீ. கடற்கரையும் இருக்கிறது.

மூடப்பட்ட நாள்களில் ஓட்டக் குழுக்கள் தங்கள் பயிற்சியை அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். பூங்கா நிர்வாகமும் மூடலுக்கான காரணத்தை வாகன நிறுத்துமிடங்களிலேயே விளக்கி எழுதி வைக்கலாம்.

– ஒரு வாசகர், அர்வைன்