கனடாவின் அபட்ஸ்ஃபோர்டிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே?

நான் இங்கே ஓட்டுவது ஆட்டோமேட்டிக் கியர் லாரி என்றதும் போனில், "கிளட்ச் இல்லாத லாரி மலை ஏறுமா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். ஏறும். ஆனால் ஓட்டும் முறை வேறு.

ஹோப் என்ற ஊரைத் தாண்டினால் கோகிஹல்லா நெடுஞ்சாலை. அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் 1,244 மீட்டர் உச்சிக்குப் போய்விடும். திம்பம் மாதிரி கொண்டை ஊசி வளைவெல்லாம் கிடையாது. அகலமான ரோடு, ஏறிக்கொண்டே இருக்கும். அதுதான் தொல்லை. வளைவு வந்தால் கை தானாகக் கியரைக் குறைக்கும். இங்கே நாமாக நினைத்துக் குறைத்தால்தான் உண்டு.

கிளட்ச் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் டார்க் கன்வர்ட்டர். அதற்குள் இருக்கும் ஆயில்தான் இன்ஜின் இழுவையைக் கியர் பாக்ஸுக்குக் கொண்டு போகிறது. இன்ஜின் வேகமாகச் சுற்றி, கியர் பக்கம் மெதுவாகச் சுற்றினால் நடுவில் ஆயில் அடிபட்டுச் சூடாகும். வேகம் வந்ததும் உள்ளே லாக் விழுந்து இரண்டும் ஒன்றாகச் சுற்றும், சூடும் அடங்கும். ஏற்றத்தில் வண்டி திணறினால் லாக் விட்டுவிடும், மறுபடி சூடேறும். அதனால் மேடு தொடங்கும் முன்பே நானே கியரைக் குறைத்து வைத்துவிடுவேன். இன்ஜின் ரேஸ் கூடினால் தண்ணீர் பம்பும் வேகமாக ஓடும். கியர் ஆயிலின் சூட்டை வாங்குவதும் அந்த ரேடியேட்டர் தண்ணீர்தானே. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

கியர் ஆயில் சூட்டைக் காட்டும் முள் 90 டிகிரி வாக்கில் நின்றால் கவலையில்லை. 120ஐ நெருங்கினால் ஓரம் கட்டிவிடுவேன். உடனே இன்ஜினை அணைத்துவிடக் கூடாது. நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை இழுத்து, 1,200 ஆர்.பி.எம். ரேஸில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் முள் இறங்கிவிடும்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், இந்தச் சூட்டுத் தொல்லை பனிக்காலத்தில்தான் அதிகம். அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை லாரியில் டயர் சங்கிலி இருந்தே ஆக வேண்டும். பாக்ஸ் கேன்யன் என்ற இடத்தில் நிறுத்தி மாட்டுவோம். விரல் மரத்துப்போகும். பக்கத்து லாரி பஞ்சாபிக்காரர்கள் பிளாஸ்கில் டீ வைத்திருப்பார்கள், கேட்காமலே ஊற்றித் தருவார்கள். அப்புறம் செங்குத்தான மேட்டில், பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். அந்த வேகத்தில் லாக் விழவே விழாது. வெளியே உறைபனி, இங்கே ஆயில் முள் மேலே மேலே போகும்.

மேட்டில் நிற்க நேர்ந்தால் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறவர்களும் உண்டு. நம்மூரில் ஹாஃப் கிளட்ச்சில் அப்படி நிறுத்தினால் பிளேட் கருகுவது மூக்குக்குத் தெரிந்துவிடும். இதில் சூடு ஏறும்போது வாசனையே வராது. கண் முள்ளின் மேலேயே இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் கம்லூப்ஸுக்கு லோடு. திரும்பியதும் போன் செய்கிறேன். வண்டிக்கு எஃப்.சி. எடுத்தாயிற்றா? பணம் போதவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி