இடைநின்றவர்களைப் பற்றி ஆய்வு செய்யும் மகனுக்கு

முக்கூடல்,
ஆனி 28.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆனித் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்து சேர்ந்தது. மேலத்தெரு வீட்டு விவகாரமும் ஆச்சி சொன்னபடியே முடிந்தது. மற்றவற்றை அக்காள் உன்னிடம் சொல்லியிருப்பாள். நான் தொலைபேசியில் பேசத் தொடங்கினாலே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி நீ வைத்துவிடுகிறாய் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

ஆய்வுக்காகக் கல்லூரிப் பிள்ளைகளைப் பேட்டி கண்டு நீ கொடுத்துவிட்டுப் போன ஒலிப்பதிவுகளில் மிச்சமிருந்தவற்றையும் கேட்டு எழுதி முடித்துவிட்டேன். பெயர்களை நீக்கி எண்களாக நீ தந்தபடியே, ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு போட்டிருக்கிறேன். பேச்சு நடுவில் விழும் மௌனத்தையும் நொடிக் கணக்கோடு குறிக்க வேண்டும் என்று நீ சொன்னபோது, காலமெல்லாம் சந்திப்பிழை திருத்தியவளுக்கு இப்படியும் ஒரு வேலையா என்று நினைத்தேன். இப்போது அதுவே பழக்கமாகி, யார் பேசினாலும் இடைவெளியை எண்ணத் தொடங்கிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோதும் எண்ணினேன். அது கிடக்கட்டும்.

பதினோராம் எண் மாணவியின் பதிவைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். இராத்திரி பத்து மணி வரை மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கைகொடுத்துவிட்டு, விடிந்ததும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிய பெண் அவள். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவள் வங்கிக் கணக்கில் விழுந்திருக்கிறது. ஆகவே பணமில்லாமல்தான் நின்றாள் என்று ஒரு வரியில் எழுதிவிட முடியாது. பஸ் வந்து சேர்வதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடும், முதல் வகுப்பு போனால் வருகைப்பதிவு போகும், வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள வாங்கும் கண்டோனேஷன் கட்டணத்தைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு செமஸ்டருக்குக் கட்டினாள், அடுத்ததற்குக் கட்டவில்லை. ஏன் நின்றாய் என்று நீ கேட்டதற்கு அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதி வைத்திருக்கிறேன்: "யாரும் போன்னு சொல்லல சார். யாரும் இருன்னும் சொல்லல."

அந்த இடத்தில் நீ அவளிடம் வேறு கேள்வி எதுவும் கேட்காமல் காத்திருந்தாய். ஒலிப்பதிவில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. என் மகன் கேட்கத் தெரிந்தவன் என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறருடைய மௌனத்துக்கு அவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தவன், தன் மௌனத்துக்குப் பெற்றவள் காத்திருப்பாள் என்பதை மட்டும் எப்படி மறந்தாய் என்றும் அப்போதே தோன்றியது.

நீ அச்செடுத்து வைத்துவிட்டுப் போன இரண்டாம் இயலை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். மாணவன் கல்லூரியை விட்டு விலகுவது அவன் அறிவுக் குறைவால் மட்டுமன்று, படிப்போடும் உடன் இருப்பவர்களோடும் அவனுக்குப் பிணைப்பு ஏற்படாததாலும்தான் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் சொன்னதை நீ தெளிவாக எழுதியிருக்கிறாய். எங்கள் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை புரியாமல் கடைசி பெஞ்சில் ஒடுங்கியதை நானும் அறிவேன். ஆனால் அந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளம் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்க்கைம் 1897இல் தற்கொலையைப் பற்றி எழுதிய நூல் என்று நீ எழுதியிருந்த பக்கத்தில் எனக்குக் கண் நின்றுவிட்டது. கூட்டத்தோடு ஒட்டு அற்றுப்போனவனைப் பற்றி அவர் எழுதியதைத்தான், கல்லூரியோடு ஒட்டு அற்றுப்போன மாணவனுக்கு டின்டோ பொருத்திப் பார்த்தார் என்கிறாய். அதை எழுதும்போது உன் மனத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. ஆய்வுக்காக எழுதியது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். பெரிய மாமா சென்னையில் இருந்த கடைசி வருஷத்தில் எழுதிய கடிதங்கள் எல்லாம் "நலம், நலமறிய அவா" என்பதோடு முடிந்துவிட்டன என்பதை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. விடுதியில் இரவுச் சாப்பாட்டைத் தவறவிட்டுவிட்டு டீயோடு நிறுத்திக்கொள்கிறாய் என்று அக்காள் வாய் தவறிச் சொன்னாள். அம்மாவிடம் சொல்லாதே என்று நீ சொல்லி வைத்திருந்த மற்றொன்றையும் அவள் சொல்லிவிட்டாள், அவளைக் கோபிக்காதே. உன் நெறியாளர் ஓய்வுபெறப் போவது உலகத்தில் நடக்காத காரியமா? 2022இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளை அக்காளிடம் பிரதி எடுத்து வாங்கிப் படித்தேன். ஏற்கெனவே பதிவு செய்த மாணவர்களுக்கு, ஓய்வுக்குப் பின்பும் 70 வயது வரை அவர் இணை நெறியாளராக இருக்கலாம். ஆய்வை முடிக்க ஆறு ஆண்டு இருக்கிறது, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். நீ 2023இல்தான் சேர்ந்தாய். எந்தக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் நேரம் இருக்கிறது. ஆகையால் அவரிடம் நேரில் போய்ப் பேசு. மின்னஞ்சல் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதே, நேரில் போ.

நீ சேர்ந்த அந்த ஆண்டில்தான் ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தத் தொகையைத் தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது இப்போது ஒழுங்காக வருகிறதா என்று கேட்டால் "வருதும்மா" என்பாய், அதனால் கேட்கவில்லை. என் ஓய்வூதியத்தில் எனக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். ஒன்றாம் தேதி உன் கணக்கில் போட்டுவிடுகிறேன், திருப்பி அனுப்பாதே.

இன்னொன்று. கல்லூரியில் ஒட்ட வேண்டுமானால் மாணவன் தன் ஊரையும் வீட்டையும் விட்டு மனத்தால் விலகியாக வேண்டும் என்ற டின்டோவின் கருத்தை 1992இல் டியர்னி என்பவர் அமெரிக்கப் பழங்குடி மாணவர்களை முன்வைத்து மறுத்ததாக எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தி உன் இயலிலேயே நல்ல பத்தி, ஆனால் மிகவும் சுருக்கி எழுதிவிட்டாய். விரித்து எழுது. இங்கே நீ பேட்டி கண்டவர்களில் படிப்பை விடாமல் தொடர்ந்த பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோனவர்கள், வீட்டில் யாரோ ஒருவரிடம் கல்லூரியில் நடந்ததை நடந்தபடி சொன்னவர்கள். நோட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆய்வு முறைப்படி இதை இப்படிச் சொல்லலாமா என்பதை நீதான் பார்க்க வேண்டும். ஆனால் இதைக் கண்டுபிடிக்க வேண்டியவன் நீ. சரஸ்வதி பூஜைக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை, தேருக்கும் வரவில்லை.

பட்டம் பெரிதுதான். நம் வீட்டில் முதல் முனைவர் என்று நான் ஆசைப்படுவதும் உண்மைதான், மறைக்கவில்லை. அது ஓராண்டு தள்ளிப்போனாலும் எனக்கு ஒன்றுமில்லை, வேண்டாம் என்று நீ முடிவு செய்தாலும் அதை என்னிடம் உட்கார்ந்து சொல்லிவிட்டால் போதும். ஆனால் முதலில் நெறியாளரிடம் நேரில் போய்ப் பேசு. சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றோடு பெரியவர்களிடம் பேசப் போகாதே.

நோட்டுகளைக் கூரியரில் அனுப்ப எனக்கு மனமில்லை. ஆடி அமாவாசைக்கு நீ வந்தால் காரையாற்றுக்குப் போய்விட்டு வந்து அவற்றை உன் கையிலேயே தந்துவிடுவேன். வரமாட்டாய் என்றால் நானே எடுத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ஹைதராபாத்துக்கு ரயிலேறிவிடுவேன். டிக்கெட் பார்த்து வைக்கும்படி அக்காளிடம் சொல்லியிருக்கிறேன். விடுதியில் அம்மாமார் தங்க இடம் உண்டா, இல்லை வெளியில் அறை எடுக்க வேண்டுமா என்பதை மட்டும் விசாரித்து, வெள்ளிக்கிழமைக்குள் போன் செய்து சொல்.

அன்புடன்,
அம்மா