அரைக் கிலோ பந்தும் ஆறு வயதுக் கையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் என் பேத்தி சுண்டுவிரல் வீங்கிப் போய்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். இரண்டாம் வகுப்பு. விளையாட்டுப் பீரியடில் கால்பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். "இனிமே பந்தே வேணாம் தாத்தா" என்றாள்.

டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் என்று பேச ஆரம்பிப்பதே ஆறாம் வகுப்பிலிருந்துதான். அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். சின்ன வகுப்புகளில் தமிழும் கணக்கும் எடுப்பவரே விசிலும் ஊத வேண்டியிருக்கிறது. பீரோவைத் திறந்தால் இருப்பது ஐந்தாம் நம்பர் கால்பந்து. பெரியவர்கள் ஆடுவது, 410 முதல் 450 கிராம். அது முகத்துக்கு நேரே வந்தால் எந்தப் பிள்ளையும் கண்ணை மூடித் தலையைத் திருப்பத்தான் செய்யும்.

நான் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் எறியவே கூடாது. எதிரெதிரே காலை விரித்து உட்காரவைத்து உருட்டச் சொல்ல வேண்டும். அப்புறம் பலூன், மெதுவாக இறங்குவதால் கண் கூடவே போகும். அதற்கப்புறம் பழைய சாக்ஸில் துணி திணித்துக் கட்டிய பந்து. என்னைக் கேட்டால் ரப்பர் பந்தைவிட அதுவே மேல். தவறவிட்டாலும் காலடியிலேயே கிடக்கும், பட்டாலும் வலிக்காது.

பிடிக்கும் வித்தை எங்கள் மாந்தோப்பிலேயே இருக்கிறது. மேலிருந்து காய் விழும்போது கீழே கோணி பிடித்திருப்பவர்கள் அதை விறைப்பாக வைத்திருக்க மாட்டார்கள். காய் படும் நேரத்தில் கொஞ்சம் தாழ்த்தி வாங்குவார்கள். இல்லாவிட்டால் துள்ளி வெளியே விழுந்து அடிபட்டுவிடும். வீக்கம் வடிந்ததும் பேத்தியைத் தோப்புக்குக் கூட்டிப்போய் இதைக் காட்டினேன். "பந்தைப் பிடிக்காதே, மாங்காய் மாதிரி வாங்கு" என்றேன். அதுவரை விரல்களைக் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தவள், உள்ளங்கையை விரித்து, பந்து பட்டதும் வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஐந்தில் மூன்று பிடித்துவிட்டாள்.

இன்னொன்று, வரிசை. 40 பிள்ளைக்கு ஒரே பந்து என்றால் 40 நிமிடப் பீரியடில் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். மீதி நேரம் முன்னால் நிற்பவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டுக்கு ஒரு சாக்ஸ் பந்து கட்டிக் கொடுத்தனுப்பச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டால் எந்தப் பெற்றோர் மறுக்கப் போகிறார்கள்?

எங்கள் வீட்டில் இப்போது நான்கு பந்துகள் இருக்கின்றன. நேற்று ஐந்தாவது கட்டித் தரச் சொல்லி சாக்ஸோடு வந்து நின்றாள். என்னுடையதுதான், இன்னும் கிழியக்கூட இல்லை.

– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்